மிடி தீர்த்த மிடி

தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘மிடி’ என்ற சொல்லுக்கு வறுமை என்று பொருள் போட்டிருக்கும். பரிசில் நாடி வந்த புலவன் தன் மிடியைச் சொல்லி நின்றதும், வள்ளல் அதைத் தீர்த்து அனுப்பியதும் நம் இலக்கியத்தில் எத்தனையோ இடங்களில் வருகின்றன. ஆகையால், சென்ற வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசிரியர் அறைக்கு ஓடி வந்து, “ஸார், நம்ம ரெண்டு கீபோர்டிலும் மிடி இருக்கு!” என்று முகமெல்லாம் மலரச் சொன்னபோது நாம் திகைத்துத்தான் போனோம். வறுமை இருப்பதில் இவனுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

வறுமை என்னவோ இருக்கத்தான் செய்தது. நம் பள்ளிக்கூடத்தின் சங்கீத அறையில் இரண்டு மின்சார வாத்தியங்கள் உண்டு. ஒன்று வெகு காலத்துக்கு முன் பள்ளியே வாங்கியது. அதன் புல்லாங்குழல் நாதம் கேட்க இனிமையாயிருக்கும். ஆனால் பல தலைமுறைப் பிள்ளைகளின் விரல்கள் பட்டுக் கட்டைகளில் பாதி மசிவதில்லை. மற்றது பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் கட்டைகள் வெண்ணெய் போல் இறங்கும். நாதமோ தகர டப்பாவைத் தட்டினாற் போலிருக்கும். கையுள்ளவனுக்குக் குரல் இல்லை, குரலுள்ளவனுக்குக் கை இல்லை என்ற நிலைமை. ஆண்டு விழாவோ நெருங்கி விட்டது. புதிய வாத்தியம் வாங்கப் பணம் கேட்டால் தலைமையாசிரியர் என்ன சொல்வார் என்பது கேட்காமலே தெரியும்.

பையன் சொன்ன யோசனை இதுதான். இரண்டு வாத்தியங்களின் பின்புறத்திலும் ஐந்து துவாரங்கள் கொண்ட வட்டமான வாய்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு கம்பியால் இணைத்து விட்டால், அன்பளிப்பு வாத்தியத்தின் கட்டைகளை அழுத்தப் பழைய வாத்தியத்தின் புல்லாங்குழல் பேசும் என்றான். கணக்கு வாத்தியாராகிய நமக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை ஏற்படவில்லை. ஆனாலும், ஒரு புது வாத்தியத்தைக் காட்டிலும் ஒரு கம்பியின் விலை எவ்வளவோ குறைவு அல்லவா? வாங்கிக் கொடுத்தோம்.

இணைத்துப் பார்த்தபோது முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. நாம் ‘அப்போதே நினைத்தோம்’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பையன் தன் தவற்றைக் கண்டுபிடித்து விட்டான். ஒவ்வொரு வாத்தியத்திலும் ‘அவுட்’ என்று ஒரு வாயும் ‘இன்’ என்று ஒரு வாயும் இருக்கின்றன. அவன் அவுட்டை அவுட்டோடு சேர்த்திருந்தான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு பேசுவது போன்ற காரியம் இது. ஒன்றின் அவுட்டை மற்றதன் இன்னில் செருகியதும், இந்த மூலையில் கட்டை இறங்க, அந்த மூலையில் குழல் இசைத்தது. நாமும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், பல தரம் அழுத்திப் பார்த்தோம்.

கம்பி வழியாகச் சத்தம் ஓடுகிறது என்றுதான் நாம் எண்ணினோம். நேயர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியில் சத்தத்தின் அலைதானே மின்சார ரூபமாகப் போகிறது? ஆனால் மிடிக் கம்பியில் சத்தம் துளிக்கூடப் போவதில்லை. போவதெல்லாம் உத்தரவுகள். நம் தொழிலிலிருந்தே உதாரணம் சொல்லி விடலாம். வகுப்பில் ஆசிரியர், “அறுபதாம் எண்! எழுந்திரு!” என்கிறார். அறுபதாம் எண்ணுக்குரிய பையன் எழுந்து நிற்கிறான். “அறுபதாம் எண்! உட்கார்!” என்றதும் உட்காருகிறான். பையனுடைய உயரம் என்ன, சட்டை என்ன நிறம் என்பதெல்லாம் ஆசிரியருடைய உத்தரவில் இல்லை. அவை பையனிடத்தில் இருக்கின்றன. அதுபோல், கட்டையை அழுத்தியதும் “இந்த எண்ணுள்ள ஸ்வரம் எழும்பட்டும்” என்று ஒரு செய்தி போகிறது. கட்டையை விட்டதும் “அது அடங்கட்டும்” என்று மற்றொன்று போகிறது. எழும்புவது குழலா, வயலினா, மணியோசையா என்பது கேட்டுக்கொள்ளும் வாத்தியத்தின் பாடு.

செய்தி ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று எண்களால் ஆனது. என்ன காரியம் என்பது முதல் எண். எந்த ஸ்வரம் என்பது இரண்டாவது. எவ்வளவு அழுத்தம் என்பது மூன்றாவது. ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரையில் இலக்கம் போட்டிருக்கிறார்கள். பியானோவின் நடுவிலுள்ள ‘ஸி’ என்ற கட்டைக்கு 60. மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டிகள் சுருதி சேர்க்கும் ‘ஏ’ என்ற ஸ்வரத்துக்கு, அதாவது விநாடிக்கு 440 அதிர்வுகள் உள்ளதற்கு, 69. அழுத்தத்தை அளக்கும் விதம் வெகு சாமர்த்தியமானது. சாதாரண கட்டைகளின் அடியில் அழுத்தமானி எதுவும் கிடையாது; ஒன்றன்பின் ஒன்றாகப் படும் இரண்டு தொடுமுனைகளே உண்டு. முதல் முனை பட்டதற்கும் இரண்டாவது பட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று யந்திரம் பார்த்துக்கொள்கிறது. நேரம் குறைந்தால் ஓங்கி அடித்தான் என்று பொருள். கூடினால் மெல்லத் தொட்டான் என்று பொருள். வேகத்தைக் கொண்டு பலத்தைக் கணிக்கும் கணக்கு.

ஒரே கம்பியில் பல வாத்தியங்களைத் தொடுப்பதும் உண்டு. அப்போது எல்லாம் ஒரேயடியாகப் பேசிக் கூச்சல் போடாதா என்று கேட்கலாம். அதற்காக ஒவ்வொரு செய்தியின் தலையிலும் 1 முதல் 16 வரை ஒரு பிரிவு எண் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் வராந்தாவில் நின்று, “மூன்றாம் வகுப்பு, அறுபதாம் எண், எழுந்திரு!” என்று கத்தினால் எல்லா வகுப்புகளின் காதிலும் விழுகிறது, மூன்றாம் வகுப்புதான் கவனிக்கிறது. வாத்தியத்தில் ‘த்ரூ’ என்று மூன்றாவது வாய் ஒன்று இருந்தால், அது தான் கேட்ட செய்தியை மாற்றாமல் அடுத்த வாத்தியத்துக்குத் தள்ளி விடும்.

இந்தச் செய்திகள் விநாடிக்கு 31,250 துணுக்குகள் என்ற வேகத்தில் ஓடுகின்றன. இதென்ன விசித்திரமான தொகை என்று நமக்கு ஆரம்பத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். பத்து லட்சத்தை முப்பத்திரண்டால் வகுத்தால் மீதியில்லாமல் 31,250 வருகிறது! அக்காலத்துச் சிறு கம்ப்யூட்டர் சில்லுகளின் கடிகாரத் துடிப்பு விநாடிக்குப் பத்து லட்சம் என்ற அளவில் இருந்தது; இரண்டிரண்டாக ஐந்து முறை வகுத்தால் இந்த வேகம் கைக்கு வந்து விடும். கணக்கு வாத்தியார்களுக்கு வாழ்க்கையில் கிடைக்கும் சந்தோஷங்கள் கொஞ்சந்தான். அவற்றில் இது ஒன்று. ஒரு ஸ்வரச் செய்திக்கு ஆகும் காலம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி. பத்து விரல்களையும் ஒருங்கே ஊன்றினாலும் நூற்றில் ஒரு விநாடிக்குள் அத்தனையும் போய்ச் சேர்ந்து விடும்.

இத்தனையும் யாருடைய மூளையில் உதித்தது என்று விசாரிக்கப் போனால், கதை இரண்டு மனிதர்களிடத்தில் கொண்டு விடுகிறது.

ஒருவர் ஜப்பானில் ஓஸாகா நகரத்தில் 1930-ம் வருஷம் பிறந்த இகுதாரோ காகேஹாஷி. இரண்டு வயதில் தாய் தந்தையரைக் க்ஷயரோகத்துக்குப் பறிகொடுத்தவர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். யுத்த காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. யுத்தம் முடிந்தபின், பதினாறு வயதிலேயே, கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்தார். பிறகு ரேடியோ பழுது பார்த்தார். அப்புறம், பெற்றோரைக் கொண்டு போன அதே க்ஷயரோகம் அவரையும் பிடித்துச் சில வருஷங்கள் ஆரோக்கிய சாலையில் படுக்க வைத்தது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஸ்ட்ரெப்டோமைஸின் மருந்தைச் சோதனைக்காக அவருக்கும் கொடுத்தார்கள், பிழைத்தார். 1972-ல் ரோலண்ட் என்ற வாத்தியக் கம்பெனியை ஸ்தாபித்தார்.

மற்றவர் அமெரிக்காவில் கலிபோர்னியாக்காரர். டேவ் ஸ்மித் என்று பெயர். இருபது வயது இளையவர். சர்வகலாசாலையில் கம்ப்யூட்டரும் மின்னணுவியலும் படித்து விட்டு, 1974-ல் ஸீக்வென்ஷியல் ஸர்க்யூட்ஸ் என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். 1978-ல் வெளிவந்த அவருடைய ‘பிராபெட் 5’ என்னும் ஸிந்தஸைஸர், உள்ளே ஒரு கம்ப்யூட்டர் சில்லை வைத்துக்கொண்டு, இசைவாணன் தேடிக் கண்ட நாதங்களை ஞாபகத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்தது.

அந்நாளில் மின்சார வாத்தியங்களின் உலகம் பாஷை தெரியாதவர்களின் சந்தையாக இருந்தது. ஒரு கம்பெனி, மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒரு ஸ்தாயி உயரும் என்று வைத்திருந்தது. இன்னொன்று வேறு கணக்கில் போயிற்று. தன் வாத்தியங்களுக்குள் மாத்திரம் பேசிக்கொள்ள ஒவ்வொரு கம்பெனியும் தனித் தனி ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் பெட்டியை வாங்கியவர் அடுத்த பெட்டியையும் அங்கேயே வாங்க வேண்டும். வியாபாரத்துக்கு இது மிகவும் நல்ல ஏற்பாடு என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். காகேஹாஷி அப்படி நினைக்கவில்லை. வாத்தியங்கள் ஒன்றோடொன்று சேரமாட்டா என்றால் ஜனங்கள் வாங்கவே தயங்குவார்கள், தொழிலே வளராது என்பது அவருடைய கருத்து. 1981-ம் வருஷம் ஜூன் மாதம் அமெரிக்க வாத்தியக் கண்காட்சியில், போட்டிக் கம்பெனி ஒன்றின் தலைவரான டாம் ஓபர்ஹைமிடம் பொதுப் பாஷை ஒன்று வேண்டுமென்று பேச்செடுத்தார். அவர் மூலமாகப் பேச்சு டேவ் ஸ்மித்திடம் போயிற்று.

ஸ்மித் பேச்சோடு நிறுத்துகிறவர் அல்ல. செட் வுட் என்ற சகாவுடன் சேர்ந்து திட்டம் ஒன்று எழுதி, அவ்வருஷமே ஒலிப் பொறியியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் வாசித்தார். அதில் வேகம் 19,200 தான்; பின்னர் நடந்த விவாதங்களில் 31,250 ஆக உயர்ந்தது. 1982 ஆரம்பத்தில் கம்பெனிகள் எல்லாம் கூடிப் பேசின. கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பது கமிட்டிகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வேகம் போதாது என்றவர்கள் சிலர். இதெல்லாம் வேண்டுமா என்றவர்கள் சிலர். கடைசியில் காரியத்தை விடாமல் பிடித்துக்கொண்டவை ஸ்மித்தின் கம்பெனியும், ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய் என்ற நான்கு ஜப்பானியக் கம்பெனிகளுந்தான். பெயர் வைப்பதிலும் ஒரு வேடிக்கை. ‘நீ, நான்’ என்று இங்கிலீஷில் ஒலிக்கும்படி ‘யூமீ’ என்று வைக்கலாமென்று ஜப்பானியர் தரப்பில் ஒரு யோசனை வந்ததாம். ஸ்மித் ‘மிடி’ என்றார், அதுவே நிலைத்தது. நம்மைக் கேட்டிருந்தால் எச்சரித்திருப்போம்.

1983-ம் வருஷம் ஜனவரி மாதம், கலிபோர்னியாவில் அனஹைம் நகரத்துக் கண்காட்சி. ஸ்மித்தின் ‘பிராபெட் 600’ ஒரு பக்கம். ரோலண்டின் ‘ஜூபிடர் 6’ ஒரு பக்கம். நடுவே ஒரு கம்பி. ஒன்றில் கட்டையை அழுத்த, கடலுக்கு அப்பால் போட்டிக்காரன் செய்த மற்றொன்று வாய் திறந்து பாடிற்று. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் விதிமுறைகள் அச்சாகி வெளிவந்தன.

இங்கே ஒரு சங்கதியை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பாஷைக்கு இவர்கள் ஒரு காசும் வாங்கவில்லை. உலகத்தில் எந்தக் கம்பெனியும், எந்தத் தனி மனிதனும், ஒருவரிடமும் உத்தரவு கேட்காமல் தன் வாத்தியத்தில் மிடியை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டு விட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நாலணா வீதம் வாங்கியிருந்தால் அந்தத் தொகை என்னவாகியிருக்கும் என்று கணக்குப் போட நம் கை துறுதுறுக்கிறது. ஆனால் அப்படி வாங்கியிருந்தால் இத்தனை பெட்டிகள் பிறந்திரா என்பதையும் அந்தக் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

சிக்கனத்தை எல்லாவற்றிலும் பார்த்தார்கள். கடைகளில் சுலபமாகக் கிடைத்த ஐந்து ஊசி பிளக்கை எடுத்துக்கொண்டார்கள். அதில் மூன்று ஊசிகளுக்கே வேலை. ஆனால் ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. இரண்டு மின்சாரப் பெட்டிகளை நேரே பிணைத்தால் ‘ஊம்’ என்று ஓர் உறுமல் கேட்கும். மேடைக் கச்சேரி ஏற்பாடு செய்தவர்கள் அதை நன்றாக அறிவார்கள். அந்த உறுமல் வராமலிருக்க, செய்தி வாங்கும் வாயில் சிறிய ஒளி விளக்கு ஒன்றையும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண்ணையும் ஒரே சில்லுக்குள் வைத்தார்கள். கம்பியில் வரும் மின்சாரம் விளக்கை மினுக்குகிறது. கண் அதைப் பார்த்துச் செய்தியைப் படித்துக்கொள்கிறது. ஆக, நம் சங்கீத அறையில் இரண்டு வாத்தியங்களைக் கம்பியால் கட்டி வைத்தோமே, அவற்றுக்கு இடையில் மின்சாரச் சம்பந்தமே இல்லை. கடைசி மயிரிழை தூரத்தை ஒவ்வொரு ஸ்வரமும் வெளிச்சமாகத் தாண்டுகிறது.

இனி ஆண்டு விழாவுக்கு வருவோம். இறை வணக்கம் நன்றாகவே தொடங்கியது. நடுவில் மேடையின் ஓரமாக நடந்த சாரணர் பையன் ஒருவனுடைய கால் கம்பியில் மாட்டிக்கொண்டது. பிளக் பிடுங்கிக்கொண்டது. அந்தக் கணத்தில் வாசிப்பவன் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருந்தான். “எழுந்திரு” என்ற உத்தரவு போய்ச் சேர்ந்து விட்டது. “உட்கார்” என்ற உத்தரவு போக வழியில்லை. எழுந்து நின்ற பையன் ஆசிரியர் சொல்லும் வரை நிற்கத்தானே வேண்டும்? புல்லாங்குழல் அந்த ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிற்று. கட்டையைத் தட்டினான், குத்தினான், பயனில்லை. நல்ல வேளையாக அது பஞ்சமமாக அமைந்தபடியால், சபையில் பாதிப் பேர் சுருதிப் பெட்டி என்று எண்ணிக்கொண்டார்கள். பாட்டுப் பாடிய பெண்களும் சாமர்த்தியசாலிகள். அதையே சுருதியாக வைத்துக்கொண்டு மீதிப் பாட்டை முடித்து விட்டார்கள். நாம் மேடைக்குப் பின்னால் ஊர்ந்து போய் மின்சார ஸ்விட்சை அணைத்த பிறகே குழல் ஓய்ந்தது. இப்படி நேரும் என்று தெரிந்தே, சில வாத்தியங்கள் விநாடிக்கு மூன்று நான்கு தடவை “இருக்கிறேன், இருக்கிறேன்” என்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி நின்றால் கம்பி போயிற்று என்று மற்றது வாயை மூடிக்கொள்ளும். நம் வாத்தியங்களுக்கு அந்தப் புத்தி இல்லை.

அன்று பரிசளிக்க வந்திருந்தவர் ஓய்வு பெற்ற வீணை வித்துவாம்சினி ஒருவர். விழா முடிந்ததும் சங்கீத அறைக்கு வந்து பார்த்தார். பையன் உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினான். பொறுமையாகக் கேட்டு விட்டு அந்த அம்மாள், “தோடி வாசி, குழந்தை” என்றார்.

பையன் வாசித்தான். கட்டைகளெல்லாம் சரியான கட்டைகள்தாம். ஆனால் அது தோடியாக இல்லை. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நின்று ஒலிப்பதல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊஞ்சலாடி உயிர் பெறுவது. அந்த ஆட்டத்தை எடுத்து விட்டால் மிச்சமிருப்பது காந்தாரத்தின் எலும்பு. மிடியோ ஸ்வரத்தை எண்ணால் கூப்பிடுகிறது. 63-க்கும் 64-க்கும் நடுவே எண் இல்லை. பியானோக் கட்டைகளைக் கண் முன் வைத்துக்கொண்டு செய்த பாஷை அது. அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. “எங்க வீட்டு ஹார்மோனியமும் இப்படித்தான்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அகராதிப் பொருளில் மிடி என்பது என்னவென்று அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

நம் சங்கீதத்துக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய ஸ்வரக் குறிகளில் எழுதி 1893-ல் வெளியிட முனைந்தார். அந்தக் குறிகளும் கட்டைகளைப் போலவே ஸ்தானத்தைச் சொல்லும், அசைவைச் சொல்லா. அவருடைய தூண்டுதலால் பெரு முயற்சியில் இறங்கிய சுப்பராம தீக்ஷிதர், 1904-ல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’யில் கம்பிதம், ஸ்புரிதம், ஜாரு என்று கமகம் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் ஏற்படுத்தி ஸ்வரத்தின் தலைமேல் போட்டார். ஸ்வரத்தை எழுதினால் போதாது, அதன் நடையையும் எழுத வேண்டும் என்று அவர் கண்டார். மிடியைச் செய்தவர்களுக்கு எட்டயபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிய நியாயமில்லை.

ஆனால் அவர்கள் ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள். ‘ஸ்வரத்தை வளை’ என்று ஒரு செய்தி 1983-ம் வருஷத்து விதிகளிலேயே உண்டு. வாத்தியத்தின் இடது கைப் பக்கம் இருக்கும் சிறு சக்கரத்தை உருட்டினால் அது போகும். இந்தச் செய்திக்கு மாத்திரம் 128 படிகள் அல்ல, 16,384 படிகள். ஆகையால் வழுக்கல் சுத்தமாக இருக்கும். வழக்கமாக மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை தூரம் வளையும். வலது கையால் கட்டையையும் இடது கையால் சக்கரத்தையும் பழகி, அதில் நம் ராகங்களை இழைத்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையை வெட்டிக்கொண்டவன் காலால் எழுதப் பழகியது போன்ற விடாமுயற்சி அது. இதிலும் ஒரு தொந்தரவு: சக்கரம் அந்தப் பிரிவில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்து வளைக்கும். அதே பிரிவில் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நிறுத்திப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை அசைத்தால், சுருதியும் கூடவே தள்ளாடும்.

இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். ஒவ்வொரு விரலின் ஸ்வரத்துக்கும் ஒரு தனிப் பிரிவு எண்ணைக் கொடுத்து விட்டால், ஒன்றை வளைக்க மற்றது அசையாது அல்லவா? பதினாறு வகுப்புகளிலும் ஒவ்வொரு பையனாக உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு. இதை 2018-ல் முறையான விதியாகவே ஏற்றுக்கொண்டார்கள். இப்படி வாசிப்பதற்கென்றே கட்டைகளுக்குப் பதிலாக மெத்தை போன்ற பரப்புள்ள வாத்தியங்களும் வந்திருக்கின்றன. விரலை வைத்து இழுத்தால், அசைத்தால், அழுத்தினால், ஒவ்வொரு விரலும் தனித்தனியே பேசும். லிப்போல்ட் ஹாக்கன் என்ற அமெரிக்கர் செய்த ‘கண்டினுவம்’ அப்படிப்பட்டது, நம் ஏ. ஆர். ரஹ்மான் அதை வாசிப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். வீணை அம்மாளிடம் அதைக் காட்டினால் என்ன சொல்வார் என்று அறிய நமக்கு ஆசை. வாத்தியத்தின் விலையை விசாரித்த பிறகு ஆசையை ஒத்தி வைத்திருக்கிறோம்.

2020 ஜனவரியில், அதே அனஹைம் கண்காட்சியில், மிடியின் இரண்டாம் பதிப்பை ஏற்றுக்கொண்டார்கள். முதல் பதிப்பில் அழுத்தத்துக்கு 128 படிகள், இதில் 65,536. ஸ்வரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே வளைக்கலாம். முன்பு ஒரு வாத்தியம் உத்தரவிடும், மற்றது கேட்கும். இப்போது இரண்டும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளலாம். இத்தனை செய்தும் பழைய பாஷையைத் தள்ளி விடவில்லை. 1983-ம் வருஷத்துப் பெட்டியை இன்றும் கொண்டு வந்து செருகினால் மரியாதையாக இடங்கொடுக்கும். நாற்பது வருஷத்து யந்திரம் எதற்கு இந்தக் காலத்தில் இப்படி மதிப்பு இருக்கிறது?

வீட்டில் வாத்தியம் வைத்திருக்கும் நேயர்கள் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கலாம். வட்டமான ஐந்து துவார வாய் இருந்தால் நாம் செய்ததைச் செய்யலாம். புதிய வாத்தியங்கள் பலவற்றில் அது இல்லாமல் யூ.எஸ்.பி. வாய் மாத்திரம் இருக்கும். அதிலும் ஓடுவது மிடிதான். ஆனால் இரண்டு வாத்தியங்களை நேரே இணைத்தால் வேலை செய்யாது. நடுவே கம்ப்யூட்டர் ஒன்று பஞ்சாயத்துக்கு இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருந்தால் வேறொரு சௌகரியமும் உண்டு. வாசித்த உத்தரவுகளை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு வேறு நாதத்தில், வேறு காலப் பிரமாணத்தில் திருப்பி வாசிக்கச் சொல்லலாம். சத்தத்தையே பதிவு செய்தால் நிமிஷத்துக்குப் பத்து மெகாபைட் வரை பிடிக்கும் இடத்தில், உத்தரவுகளை மாத்திரம் எழுதினால் முழுப் பாட்டும் அதில் ஒரு துளி இடத்தில் அடங்கி விடும். இப்படி எழுதிய பாட்டு எந்தப் பெட்டியிலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டுமென்று 1991-ல் 128 நாதங்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். 105-ல் ஸிதார் இருக்கிறது. 112-ல் ஷெனாய் இருக்கிறது. வீணையையும் நாதஸ்வரத்தையும் தேடினோம், இல்லை.

அந்த இரண்டு மனிதர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று பையன் கேட்டான். ஸ்மித்தின் கம்பெனி நொடித்து, 1987-ல் யமஹாவின் கைக்குப் போயிற்று. பொதுப் பாஷையை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தவருக்குத் தம் கம்பெனியின் பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. பிற்பாடு வேறு பெயரில் மறுபடியும் வாத்தியங்கள் செய்தார். 2013-ல் இருவருக்கும் சேர்த்து மிடிக்காகக் கிராமி விருது அளித்தார்கள். அதற்குப் பிறகு காகேஹாஷி ஒரு காரியம் செய்தார். ‘ஸீக்வென்ஷியல்’ என்ற பெயரை உரியவரிடமே திருப்பிக் கொடுத்து விடுங்கள் என்று யமஹாவிடம் எடுத்துச் சொன்னார். யமஹா ரோலண்டுக்குப் போட்டிக் கம்பெனி, ஸ்மித்தும் போட்டிக்காரர்தான். 2015 ஜனவரியில் பெயர் திரும்பி வந்தது. தாம் இருபத்து நான்கு வயதில் வைத்த பெயரை அறுபத்து நான்காவது வயதில் ஸ்மித் தம் வாத்தியத்தின்மீது மறுபடியும் பொறித்தார். காகேஹாஷி 2017-லும், ஸ்மித் 2022-லும் காலமானார்கள்.

பையன் இதைக் கேட்டு விட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, இந்த வருஷ விழாவில் கம்பியை மேடையின் எந்தப் பக்கமாகக் கொண்டு போவது என்று கேட்டான். சாரணர்கள் வராத பக்கமாக என்று முடிவு செய்திருக்கிறோம்.